எறங்கியாச்சுன்னு ஒரு சொல்

எங்க நாவப்பாறைக்கு ரோடு கிடையாது, வரும் வரும்னு சொல்லி ஓட்டு வாங்கிட்டுப் போனவுகளுக்கெல்லாம் பேரன் பேத்தி எடுத்தாச்சு, ரோடு மட்டும் வரல. அடிவாரத்து பஸ் ஸ்டாண்டுல எறங்குனீங்கன்னா அங்கிருந்து குதிரைத்தடம்தான். ஓடையைத் தாண்டி, வழுக்குப்பாறையைத் தாண்டி, வெயிலே விழாத சோலைக்குள்ள நுழைஞ்சு, அட்டை கடிச்ச காலோட மூச்சு வாங்கிக்கிட்டு வெளிய வந்தா ஒரு வளைவு, அந்த வளைவு திரும்புனதும் முதல்ல கண்ணுல படுறது என் டீக்கடை. வேலுத்தாயி கடைன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. காட்டுறதுக்கு வேற கடை இல்லைங்கிறது வேற விசயம்.

அரிசி, கேஸ் சிலிண்டர், சிமெண்ட் மூட்டை, டிவிப் பொட்டி, புதுப்பொண்ணு, எதுவா இருந்தாலும் மேல வர்றது குதிரை முதுகுலதான். காபிக்கொட்டை, ஆரஞ்சு, அவரை, வலி எடுத்த புள்ளத்தாச்சி, செத்துப்போனவுக, எதுவா இருந்தாலும் கீழ போறதும் குதிரை முதுகுலதான். அதனால எங்க ஊர்ல ஒரு முறை உண்டு. ஏத்தும்போது குதிரை கழுத்துல கைய வச்சு ‘ஏத்திக்க தாயி’ன்னு கேக்கணும், எறக்குனதும் அதே கழுத்துல கைய வச்சு ‘எறங்கியாச்சு தாயி’ன்னு சொல்லணும். சரக்குன்னா ஏத்துனவன் சொல்லணும், ஆளுன்னா உக்காந்து வந்தவுகளே வாயைத் தொறந்து சொல்லணும். ஏன்னு கேட்டா, குதிரைக்கு அதோட முதுகு தெரியாது, நாம சொல்றதைத்தான் அது நம்பும், அம்புட்டுத்தான். சொல்லாம விட்டா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியாது, ஏன்னா எங்க ஊர்ல ஒருத்தரும் சொல்லாம விட்டதில்லைன்னு நாங்க நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

சன்னாசி எனக்குக் கொழுந்தன் முறை, என் வீட்டுக்காரரோட சித்தப்பா மகன். நல்லவன்தான், ஆனா குதிரையைப் பத்தி எவனாச்சும் ஒரு வார்த்தை கொறைச்சுச் சொல்லிட்டா ரோசம் பொத்துக்கிட்டு வந்துரும். இத்தனைக்கும் அவன் ஓட்டுற செம்பி அவன் குதிரைகூட இல்லை, அவன் பொண்டாட்டி போதுமணி கல்யாணமாகி வந்தப்ப பொறந்த வீட்டுல இருந்து குட்டியாக் கூட்டிட்டு வந்தது. புள்ளை இல்லாத வீடு. போதுமணி செம்பிக்குத்தான் பிடரி சீவிவிடுவா, செம்பிகிட்டத்தான் கோவிச்சுக்குவா, செம்பிகிட்டத்தான் புருசனைப் பத்திப் புகார் சொல்லுவா. அந்தச் செம்பி சினையானதும் அவளுக்குத் தலைகால் புரியல. “இதுமேல இனிமே ஒரு வெத்தலைகூட வைக்கப்படாது”ன்னு சன்னாசிகிட்ட கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டா.

ஒரு நாளு செம்பிக்கு ஊசி போட அடிவாரத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு, வெறும் முதுகோட ஓட்டிக்கிட்டுத் திரும்பி வந்திருக்கான். சோலைக்குள்ள ஒரு பாறையில ஒரு பொண்ணு உக்காந்து அழுதுக்கிட்டு இருந்திருக்கு. மிருதுளான்னு பேரு, மெட்ராசுல கம்ப்யூட்டர் வேலை, டிரெக்கிங் வந்த கூட்டத்துல பின்தங்கிப்போச்சு, புது ஷூ குதிகாலைக் கடிச்சுத் தோலை உரிச்சிருக்கு. “அண்ணா, கொஞ்ச தூரம் இதுல உக்காந்து வரட்டுமா?”ன்னு கேட்டிருக்கு. “இல்லம்மா, சினையா இருக்கு”ன்னு இவன் சொல்லியிருக்கான். அதோட விட்டிருந்தா இந்தக் கதையே இல்லை. அந்தப் பொண்ணு, பாவம், கெட்ட எண்ணத்துல கேக்கல, இரக்கப்பட்டுத்தான் கேட்டுச்சு: “ஐயோ, அப்ப இதால முடியாதா அண்ணா?”

முடியாதாவாம்! எங்க செம்பியப் பார்த்து! சன்னாசிக்குக் காதுவரைக்கும் சிவந்திருச்சு. “எம்மா, இது பிரசவத்துக்கு மொத நாளுகூட உன்ன மாதிரி நாலு பேரைத் தூக்கும், ஏறும்மா நீ”ன்னுட்டான். கழுத்துல கைய வச்சு ‘ஏத்திக்க தாயி’ன்னு கேட்டப்ப செம்பி திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்துச்சாம். பார்த்துட்டு முதுகைக் குடுத்துச்சாம். அது மாட்டேன்னு சொல்லிப் பழக்கமில்லாத சீவன்.

சோலை விளிம்புக்கு வந்தா பேச்சு ஊருக்குள்ள கேக்கும், அங்க தும்முனா என் கடையில நான் நூறு ஆயுசுன்னு சொல்லுவேன், அப்படி ஒரு எடம் அது. போதுமணி காதுல விழுந்துருமேன்னு சன்னாசி பயந்திருக்கான். உதட்டுல விரலை வச்சுக் காட்டி, எறங்குன்னு கையால சைகை பண்ணி, ஒரு நன்றிகூடச் சொல்லவிடாம எறக்கி, கூடாரம் போடுற மேட்டுக்குப் போற குறுக்குத்தடத்துல அந்தப் பொண்ணை அனுப்பிட்டான். எறங்கியாச்சுன்னு சொல்ல வேண்டியது அந்தப் பொண்ணு, சொல்லிக்குடுக்க வேண்டியது இவன், ரெண்டும் நடக்கல. குதிரைகிட்ட ஒருத்தரும் சொல்லல, அதனால குதிரைக்கு எறங்கல. அந்தப் பொண்ணு போயிருச்சு, அதோட எடை செம்பி முதுகுலயே உக்காந்திருச்சு.

மறுநா காலையில போதுமணிதான் மொதல்ல பார்த்தா. ஈரமண்ணுல செம்பியோட குளம்பு ஆழமாப் பதிஞ்சிருக்கு, முதுகு நடுவுல பள்ளம் விழுந்திருக்கு, ரெண்டு பக்கமும் தொடை அழுந்துன மாதிரி முடி படிஞ்சிருக்கு. கையை வச்சுப் பார்த்தா ஒண்ணும் தட்டுப்படல, காத்துதான். ஊரு கூடிருச்சு. காபிக்கொட்டை வாங்கி விக்கிற வீரணன் குளம்புத்தடத்துக்குள்ள விரலை விட்டுப் பார்த்துட்டு, “ஒரு ஆளு பாரம். ஒல்லியான ஆளு”ன்னான். பேயின்னு யாரும் சொல்லல. பேய்க்கு எடை கிடையாதுன்னு எங்க ஊர்ல சின்னப்புள்ளைக்கும் தெரியும்.

எடை வந்தா வந்ததுதான், அதுக்காகப் பொழப்பைப் போட்டுட்டு உக்கார முடியுமா? பழகிக்கிட்டோம். மழை பெய்ஞ்சா யாராச்சும் ஓடிப்போய் செம்பியோட வெறும் முதுகுக்கு மேல சாக்கைப் பிடிச்சாங்க. எதுக்க வர்ற குதிரையெல்லாம் ஒதுங்கி வழி விட்டுச்சு. நான் சன்னாசிக்கு டீ ஊத்தையில மேல இருக்குறவுகளுக்கும் ஒரு கிளாசு வச்சேன், ஆறிப்போனதும் நானே குடிச்சேன், வீணாக்க முடியுமா. கோயில் பூசாரி திருநீறு குடுக்கையில செம்பி நெத்தியில பூசிட்டு, கொஞ்சம் ஒசக்கத் தள்ளிக் காத்துலயும் ஒரு சிட்டிகை தூவுனாரு. காத்துல தூவுனது பொத்துன்னு செம்பி முதுகுலயே விழுந்துச்சு, அதையும் யாரும் தப்பா எடுத்துக்கல.

ஆனா கால்நடை டாக்டரு மூச்சு இரைக்க மேல ஏறி வந்து, வயித்துல காதை வச்சுப் பார்த்துட்டு மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டாரு. “பாரத்தோடயே நின்னுக்கிட்டு இருக்கு, படுக்கவே மாட்டேங்குது. படுக்கலைன்னா குட்டி திரும்பாது. மொதல்ல எடையை எறக்குங்க. இல்லாட்டி ரெண்டுல ஒண்ணு போயிரும், ரெண்டுமேகூடப் போகலாம்”ன்னாரு. போதுமணி செம்பி கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னா. சன்னாசி கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அவன் கால் பெருவிரலையே பார்த்துக்கிட்டு நின்னான்.

அப்பவாச்சும் வாயைத் தொறந்திருக்கலாம்ல? தொறக்கல. கூட்டம் போட்டோம். ஊர்ல யாரோ எப்பவோ எதையோ எறக்கிட்டுச் சொல்லாம விட்டிருக்காக, அதான் நிக்குதுன்னு முடிவாச்சு. யாருன்னு கேட்டா யாரும் கையைத் தூக்கல. அப்புறம் வீரணன்தான் எந்திரிச்சுப் போய் செம்பி கழுத்துல கைய வச்சான். “போன காபி சீசன்ல, கணக்கை விட அரை மூட்டை கூடுதலா ஏத்துனேன். அதுக்குக் கேக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. எறங்கியாச்சு தாயி”ன்னான். சொல்லிட்டுத் தலைய குனிஞ்சுக்கிட்டான். செம்பிக்கு ஒண்ணும் எறங்கல. ஆனா அவனுக்கு எறங்குனது எங்களுக்கெல்லாம் தெரிஞ்சுச்சு.

அம்புட்டுத்தான், மடை தொறந்துருச்சு. மறுநாள்லேருந்து ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாக. ரேசன் கடை எடுத்து நடத்துற பாண்டியம்மா மண்ணெண்ணெய் டின்னுக்குச் சொன்னா. குடிச்சிட்டு மாப்பிள்ளைக்கோலத்துல குதிரை மேலயே தூங்கிப்போன சடையன், கல்யாணமாகி இத்தனை வருசம் கழிச்சு வந்து எறங்கியாச்சு தாயின்னு சொன்னான், அவன் பொண்டாட்டி ஓரமா நின்னு சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே கண்ணைத் தொடச்சா. மாமியாளைக் கீழ ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பக் கூட்டியாராதவ ஒருத்தி செம்பி காதுல என்னமோ சொன்னா, அது எங்களுக்குக் கேக்கல, கேக்கவும் கூடாது. ஊரே சொன்னுச்சு. சொன்னவுகெல்லாம் லேசா நடந்து போனாக. செம்பி மட்டும் அப்படியே நின்னுச்சு.

நானும் போனேன். என் வீட்டுக்காரரை அடைமழையில செம்பி முதுகுலதான் கீழ கொண்டுபோனோம், உசுரு இல்லாம. செத்தவுக சொல்ல மாட்டாகளே, பொண்டாட்டிதான் சொல்லணும், அன்னைக்கு நான் அழுத அழுகையில அது எனக்கு நெனப்புல இல்லை. போய்க் கழுத்துல கைய வச்சேன். “அவரு எறங்கிட்டாரு தாயி”ன்னேன். அதுக்கப்புறம் அங்கேயே உக்காந்துட்டேன். சன்னாசிதான் ஓடியாந்து என் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டவன் என் மூஞ்சியப் பார்க்கல. என் துக்கத்தைப் பார்க்க மாட்டாமத்தான்னு நான் நெனச்சேன், பாருங்க, நான் எம்புட்டு முட்டாளு.

அவனும் சும்மா இல்லை. யாரும் இல்லாதப்ப செம்பிகிட்ட அவனே ஆயிரந்தடவை எறங்கியாச்சு எறங்கியாச்சுன்னு சொல்லிப் பார்த்திருக்கான், உக்காந்தது அவன் இல்லையே, செம்பி காதையே ஆட்டல. அடிவாரத்துக்குப் போய் டிரெக்கிங் கூட்டியார்ற ஆளுககிட்ட அந்தப் பொண்ணு யாரு எந்த ஊருன்னு கேக்கப்போயி, எதுக்குக் கேக்குறேன்னு அவுக கேட்டதும் வாய் அடைச்சுத் திரும்பி வந்திருக்கான். சோறு எறங்கல அவனுக்கு. போதுமணி அவன் செம்பிக்காகத்தான் இப்படி உருகுறான்னு நெனச்சு, தன் பங்கு கறியையும் அவன் தட்டுல வச்சா. வச்ச கறி அப்படியே கிடந்துச்சு.

இந்த லட்சணத்துல ஒரு மத்தியானம் அந்தப் பொண்ணே வந்து என் கடை பெஞ்சுல உக்காந்துச்சு. என் பெஞ்சு ஒரு கால் ஆடுற பெஞ்சு, ஈ உக்காந்தாக்கூட கிரீச்சுன்னு கத்தும். கத்தல. முதுகுல பையி, பை நிறைய ஆத்துக்கல்லு. “என்ன தாயி, கல்லைச் சொமந்துக்கிட்டு மலை ஏறுற?”ன்னேன். “கல்லு இல்லைன்னா காத்து என்னைத் தூக்கிட்டுப் போயிடுது அக்கா”ன்னுச்சு. சொல்லையில ஒரு சிரிப்பு வந்துச்சு, வந்த வேகத்துல போயிருச்சு.

மெட்ராசுலயும் எல்லாரும் பழகிட்டாங்களாம். எடை மெஷின்ல நின்னா முள்ளு அசையலையாம், ஜிம்முல என்ன டயட்டுன்னு கேட்டு நச்சரிச்சாங்களாம், அது வந்தா ஆபீசுல ஃபேனை நிறுத்திடுறாங்களாம், ஏறி உக்காந்த பெறகும் ஆட்டோக்காரரு ஏறுங்க மேடம்ன்னு சொல்றாராம். “அதெல்லாம் பரவாயில்லைக்கா. எங்க உக்காந்தாலும் எனக்குக் கீழ ஏதோ மூச்சு வாங்குற மாதிரியே இருக்கு. நாற்காலில உக்காந்தா நாற்காலி இரைக்குது. கட்டில்ல படுத்தா கட்டில் இரைக்குது. இங்க ஒரு செவலைக் குதிரை, ஒரு அண்ணா ஓட்டிட்டு வந்தாரு, சினையா இருக்குன்னு முதல்லயே சொன்னாருக்கா, நான்தான்...”ன்னு சொல்லிட்டு மூஞ்சியப் பொத்திக்கிச்சு.

என் கையில இருந்த டீ கிளாசு அப்படியே நழுவி ஒடைஞ்சுச்சு.

அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு சன்னாசி வீட்டுக்குப் போனேன், பட்டம் இழுக்குற மாதிரி பின்னாலேயே வந்துச்சு. செம்பி தலையைத் தொங்கப்போட்டு நிக்குது, வாயில நுரை, போதுமணி ஈரத்துணியால தொடைச்சுக்கிட்டு இருக்கா, சன்னாசி கயித்தோட நிக்கிறான். அந்தப் பொண்ணைப் பார்த்ததும் கயிறு அவன் கையில இருந்து விழுந்துச்சு.

“யாருக்கா இது?”ன்னா போதுமணி.

“நான்தாங்க... இது மேல உக்காந்து வந்தவ”ன்னுச்சு அந்தப் பொண்ணு.

போதுமணி அந்தப் பொண்ணைப் பார்க்கல. மெதுவாத் திரும்பிப் புருசனைப் பார்த்தா. எனக்குத்தான் தாங்கல. “அடப்பாவி! செத்த என் புருசனைக்கூட எறக்கி வச்சேனேடா! ஊரே வந்து வயித்துல இருக்குறதைக் கொட்டுச்சேடா! எல்லாத்தையும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டியேடா!”ன்னு கத்துனேன்.

“மதினி, வாய் வரைக்கும் வந்துச்சு மதினி”ன்னான்.

“வாய் வரைக்கும் வந்தா? துப்ப வேண்டியதுதானே!”

அவன் அந்தப் பொண்ணோட கையை எடுத்து செம்பி கழுத்துல வச்சான். “எறங்கியாச்சு தாயின்னு சொல்லும்மா. அன்னைக்கே நான் சொல்லிக் குடுத்திருக்கணும். இவளுக்குக் கேட்டுருமேன்னு பயந்து உன் வாயை அடைச்சுட்டேன்”ன்னு பொண்டாட்டிக்கு முன்னால, என் முன்னால, வேலிக்கு வெளிய கூடிப்போன ஊருக்கு முன்னால சொன்னான்.

“எறங்கியாச்சு தாயி. மன்னிச்சுக்கோ தாயி”ன்னுச்சு அந்தப் பொண்ணு. சொன்னதும் அதோட எடை அதுமேல வந்து விழுந்துச்சு, முதுகுல கல்லு வேற, தொப்புன்னு முட்டி போட்டு விழுந்து ரெண்டு முட்டியும் தேஞ்சு ரத்தம் வந்துச்சு. ரத்தத்தைப் பார்த்து அது அழுகலை, அப்பாடான்னு சிரிச்சுச்சு. செம்பி தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு தடவை ஒதறிச்சு. அப்புறம் முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, எத்தனையோ வாரம் கழிச்சுத் தரையில படுத்துச்சு. அந்தப் பொண்ணு கல்லையெல்லாம் என் கடை வாசல்ல கொட்டிட்டு, ஷூவைக் கையில எடுத்துக்கிட்டு, நொண்டிக்கிட்டே கீழ நடந்து போச்சு. குதிரை தரட்டுமான்னு கேக்க எங்களுக்கும் தோணல.

குட்டி பொறந்துச்சு, பொட்டைக்குட்டி. தாயும் புள்ளையும் பொழைச்சுக்கிச்சு. ஆனா ஈரம் காயாத அந்தக் குட்டி தட்டுத் தடுமாறி எந்திரிச்சு நின்னப்ப, வேடிக்கை பார்க்க வந்த ஊரு ஒரு எட்டு பின்னால போச்சு. அதோட முதுகு நடுவுல பள்ளம். நாலு காலையும் அகட்டி வச்சு, யாரையோ சொமந்துக்கிட்டுத்தான் அது இந்த உலகத்துக்கே வந்திருக்கு.

சன்னாசி ஓடிப்போய் அதோட கழுத்துல கைய வச்சான். எறங்கியாச்சு தாயின்னான். எறங்கல. நாங்களும் சொன்னோம். டவர் கிடைக்கிற பாறைக்குக் குட்டியை நாலு பேரு தூக்கிட்டுப் போயி, அந்தப் பொண்ணு குடுத்துட்டுப் போயிருந்த நம்பருக்குப் போட்டு, போனை அதோட காதுல வச்சோம், மெட்ராசுல இருந்து அந்தப் பொண்ணு அழுது அழுது சொல்லுச்சு. குட்டி காதை மட்டும் ஆட்டுச்சு, கூச்சமா இருந்திருக்கும். அதுவரைக்கும் புருசன்கிட்ட வாயே தொறக்காத போதுமணி அன்னைக்குத்தான் பேசுனா.

“அதுகிட்ட யாரு ஏத்திக்கன்னு கேட்டீக? கேக்காம ஏத்துனதை எந்தச் சொல்லால எறக்குவீக?”

சன்னாசி குட்டிக்குப் பக்கத்துல கையையும் காலையும் ஊனி நாலு கால்ல நின்னான். குட்டியோட முன்னங்குளம்பைத் தூக்கித் தன் பிடரியில வச்சுக்கிட்டான். “ஏத்திக்கிட்டேன் தாயி”ன்னான். “நீ கேக்க வேணாம். நானே ஏத்திக்கிட்டேன்.”

குட்டி முதுகு, நாணை அவுத்துவிட்ட வில்லு மாதிரி நிமிந்துச்சு. பொறந்ததுலேருந்து நடக்கவே யோசிச்ச குட்டி, வாசல்ல ஒரு சுத்து, வேலியைத் தாண்டி ஒரு சுத்து, என் கடைவரைக்கும் ஒரே பாய்ச்சல். சன்னாசி எந்திரிச்சான், ஆனா முழுசா எந்திரிக்க முடியல. முதுகு வளைஞ்சுபோச்சு, நடந்தா கால்தடம் ஆழமாப் பதியுது. அதுக்கும் பழகிட்டோம். அவனுக்குன்னு தாழ்வா ஒரு பலகை போட்டிருக்கேன். தடத்துல எதுக்க வந்தா குதிரையெல்லாம் அவனுக்கு வழி விடுது.

ஆளு மேல ஏறுன பாரத்தை யாரு எறக்குறதுன்னு எங்க ஊர்ல முறை கிடையாது, முன்ன பின்ன நடந்திருந்தாத்தானே. கூட்டம் போட்டுப் பேசுனோம். குதிரை யாருதோ அவதான் சொல்லணும்னு முடிவாச்சு. போதுமணி ‘ம்’ன்னா.

இப்ப தெனம் பொழுது சாய அவன் வேலை முடிச்சு வந்து உக்காருவான். போதுமணி சோறு போட்டு வச்சுட்டு, பின்னால வந்து நின்னு, அவன் கழுத்துல கைய வைப்பா. அவ கைய வச்சா அக்கம்பக்கத்துல அம்மி சத்தம் நிக்கும், செம்பி காதை நிமித்தும், குட்டி ஓட்டத்தை நிறுத்தும். அவ வாயைத் தொறப்பா. “சோறு ஆறுது, சாப்பிடுங்க”ன்னு சொல்லிட்டுக் கையை எடுத்துருவா.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு நேத்து பால் வாங்க வந்தவகிட்ட நானே கேட்டேன். “ஏன்டி போதுமணி, குட்டி துள்ளிக்கிட்டுத் திரியுது, செம்பி நல்லா இருக்கு, அவனும் பட்டுட்டான். சொல்லித் தொலைச்சா என்னடி?”

“சொல்லிருவேன்க்கா. என்னைக்காச்சும் சொல்லிருவேன்”ன்னா. பால் தூக்கைக் கீழ வச்சா. “சொல்லிட்டா அவருக்கு எறங்கிரும். சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு, தெனம் என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு, நான் போட்ட சோத்தைத் தின்னுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாம இருந்தாருல்ல, அதை எம்மேல ஏத்துனது யாரு? ஏத்திக்கன்னு என்னை யாராச்சும் கேட்டாகளா? எனக்கு யாருக்கா வந்து சொல்லுவாக?”

நான் அவ கழுத்துல கைய வச்சேன். வச்சுட்டு எடுத்துட்டேன். ஏத்துனவன்ல சொல்லணும், நான் சொன்னா எறங்குமா? செம்பிகிட்ட சொல்லிட்டான், குட்டிகிட்ட சொல்லிட்டான், ஊருகிட்ட சொல்லிட்டான், அந்தப் பயலுக்கு இவகிட்ட சொல்லணும்னு மட்டும் இன்னும் தோணல. சொல்லிக்குடுத்தா என்னன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். சொல்லிக்குடுத்துச் சொன்னா அது என் சொல்லாப் போயிரும்.

அந்தா, வளைவுல அவன் காலடி கனமாக் கேக்குது. வரட்டும். டீயை ஆத்தி வைக்கிறேன்.